ஹெரான் கோர்ட் ஹோட்டலில் நான் கொடுத்த வளையல்

பெருமதிப்பிற்குரிய ஆக்ஸ்ஃபோர்டு நகர விசாரணை அதிகாரி அவர்களுக்கு, சிட்னியிலிருந்து என் பணிவான வணக்கம். தாங்கள் குறித்திருந்த நாளுக்குள் இந்த வாக்குமூலம் வந்து சேராததற்கு முதற்கண் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன். என் கணவர் ஆங்கிலத்தில் எழுதித் தருவதாகவும், நான் கையொப்பம் மட்டும் இட்டால் போதும் என்றும் சொன்னார். நான் சம்மதிக்கவில்லை. என் கையால் நடந்த காரியத்தை என் வாயால், என் மொழியில், ஓர் அதிகாரியின் முன்னிலையில்தான் சொல்வேன் என்று தெரிவித்தேன். அதற்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பதில் தாமதம் ஏற்பட்டது.

பெயர்: மீனாம்பாள். கணவர் பெயர்: முரளிதரன். வயது: ஐம்பத்தேழு. பிறந்த ஊர்: அம்பாசமுத்திரம், திருநெல்வேலி மாவட்டம். தற்போது வசிப்பது: கிரவீன், மேற்கு சிட்னி. தொழில்: தையல், வீட்டிலிருந்தே ரவிக்கைகளும் திரைச்சீலைகளும் தைத்துக் கொடுத்து வருகிறேன். கல்வி: எட்டாம் வகுப்பு வரை பள்ளியில், அதன் பிறகு நானாக.

கல்வி பற்றிய வரியில் "அதன் பிறகு நானாக" என்பதை நீக்கிவிடலாமா என்று இங்குள்ள காவல் நிலையத்தில் இதைப் பதிவு செய்யும் அதிகாரி கிரண் அவர்கள் கேட்டார். நீக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். மொழிபெயர்ப்பாளர் றம்யா யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர். "அன்ரி, நீங்கள் மேடையில கதைக்கிற மாதிரிக் கதைக்கிறீங்கள். கொஞ்சம் ஆறுதலாச் சொல்லுங்கோ, நான் எழுதோணும்" என்று கேட்டுக்கொண்டதால் நிறுத்தி நிறுத்திச் சொல்லி வருகிறேன்.

நானும் என் கணவரும் சென்ற செப்டம்பர் மாதம் எங்கள் ஒரே மகள் ஹரிப்பிரியாவின் பட்டமளிப்பு விழாவுக்காக ஆக்ஸ்ஃபோர்டு வந்தோம். அவள் இரத்த நோய்கள் பற்றி ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றிருக்கிறாள். எங்கே தங்குவது என்பதைத் தீர்மானித்தவள் நான். ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரமாக இருந்த புதிய ஹோட்டல் ஒன்றை என் கணவர் பார்த்து வைத்திருந்தார். "தூங்குறதுக்கு எதுக்கு மீனா நானூறு வருஷத்துக் கட்டடம்? லிஃப்ட் இருக்கிற இடமாப் பாரு" என்றார். என் மகள் படித்த ஊரின் பழைமையை வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்ப எனக்கு விருப்பமில்லை. ஆகவே எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள செவன் ஹில்ஸ் நூலகத்தில் ஆக்ஸ்ஃபோர்டின் பழைய விடுதிகளைப் பற்றிய புத்தகங்களை எடுத்து வந்து அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். குதிரை வண்டிகள் முற்றம் வரை வந்து நின்ற விடுதிகள், வங்கியாக இருந்து விடுதியானவை, சிறைச்சாலையாக இருந்து விடுதியானது என்று பலவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். சிறைச்சாலை பற்றிச் சொன்னதும் என் கணவர், "மக டாக்டர் ஆனதக் கொண்டாட நம்ம ரெண்டு பேரும் ஜெயிலுக்குப் போவோம், நல்ல யோசனை" என்றார். அதன் பிறகு ஹெரான் கோர்ட் என்னும் விடுதியைத் தேர்ந்தெடுத்தேன். இன்றும் அந்தத் தேர்வு சரியானது என்றே கருதுகிறேன்.

எங்கள் அறை மூன்றாம் மாடியில் இருந்தது. தரை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. கூரையில் கப்பலின் விலாவைப் போன்ற உத்தரங்கள் இருந்தன. மாடிப்படியின் திருப்பத்தில் ஒரு பலகையில், அங்கே தங்கிச் சென்ற நீதிபதிகள், கிறிஸ்தவ ஆயர்கள், குதிரை வியாபாரிகள் பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. அவற்றை முழுவதும் வாசித்துவிட்டே மேலே ஏறினேன். பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடம் என்பதால் மின்தூக்கி வைக்க அனுமதி கிடையாது என்று வரவேற்பறையில் தெரிவித்தார்கள். என் கணவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று என்னைப் பார்த்தார். நான் பலகையைப் பார்த்தேன்.

மறுநாள் காலை என் கணவர் கீழே உணவருந்தச் சென்றிருந்தார். அறையின் திரைச்சீலையின் கீழ்மடிப்பு ஒரு முழம் அளவுக்குப் பிரிந்து தொங்குவதைக் கண்டேன். ஊசியும் நூலும் இல்லாமல் நான் எங்கும் செல்வதில்லை. அதைத் தைத்துக்கொண்டிருந்தபோது, அறையைச் சுத்தம் செய்யும் பணியாளர் ஃபிலோமெனா கை நிறைய விரிப்புகளுடன் கதவைத் தட்டி உள்ளே வந்தார். அவர் மாதம் ஏறிய கர்ப்பிணி என்பதை அவர் மூச்சு வாங்கியதிலிருந்தே அறிந்தேன். எங்கள் இருவருடைய ஆங்கிலமும் ஒரே அளவினது என்பதால் ஒருவர் பேச்சு மற்றவருக்குத் தடையின்றி விளங்கிற்று. அவர் சொன்னவற்றை இங்கே தமிழில் தருகிறேன்.

"ஐயோ மேடம், விருந்தாளி தைக்கக் கூடாது. மானேஜர் பாத்தா என்னைத் திட்டுவார்" என்றார்.

"நீ சொல்லாம இரு, நானும் சொல்லல. உட்காரு" என்று நாற்காலியைக் காட்டினேன்.

அவர் உட்காரவில்லை. அதன் பிறகு நான் இரண்டாம் முறை சொன்னதும் உட்கார்ந்தார். எத்தனையாவது மாதம் என்று கேட்டேன். ஏழு என்றும், முதல் குழந்தை என்றும் சொன்னார். சொந்த ஊர் கிழக்குத் திமோரின் திலி நகரம் என்றும், தாயார் அங்கே இருப்பதாகவும், கணவர் ஒரு கிடங்கில் இரவு வேலை பார்ப்பதாகவும் கூறினார். நான் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருப்பதை அறிந்ததும், "அப்படின்னா நீங்க எங்க அம்மாவுக்குப் பக்கத்து வீடு" என்று சொல்லிச் சிரித்தார். பிரசவத்துக்குத் தாயார் வருவாரா என்று கேட்டேன். விசா கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து தலையணை உறைகளை மாற்றத் தொடங்கினார். ஒரே உறையை இரண்டு தடவை மாற்றினார்.

அதன் பிறகு பட்டமளிப்பு விழா நடைபெற்றது. அது இவ்வழக்குக்குத் தொடர்புடையது அல்ல என்றாலும், என் மகள் மயில் கழுத்து நிறப் பட்டு ரவிக்கையும் அதற்கு மேல் பட்டமளிப்பு அங்கியும் அணிந்து நடந்து வந்தாள் என்பதையும், அந்த ரவிக்கை நான் தைத்தது என்பதையும் பதிவு செய்துகொள்ள வேண்டுகிறேன்.

அன்று மாலை ஃபிலோமெனாவுக்கு வளைகாப்பு செய்வது என்று முடிவு செய்தேன். முதல் குழந்தையைச் சுமக்கும் பெண்ணுக்கு ஏழாம் அல்லது ஒன்பதாம் மாதத்தில் கை நிறைய வளையல் அடுக்கி, பலவகைச் சாதம் பரிமாறி, அச்சம் நீங்கப் பிரசவத்துக்கு அனுப்பி வைக்கும் சடங்கு அது. தாய் வீட்டார் செய்ய வேண்டியது. மகளிடம் சொன்னேன்.

"அம்மா, ஷி இஸ் அட் வொர்க்! ஹோட்டல் ரூம்ல வளைகாப்பா? அவங்க கிறிஸ்டியன் வேற. ஃபர்ஸ்ட் அவங்களுக்கு ஓகேவான்னு கேளு."

"கேட்டாச்சு. அவங்க அம்மாவுக்கு போட்டோ அனுப்பலாமான்னு அவதான் கேக்குறா. நீ போய் எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வா, டாக்டரம்மா."

மறுநாள் காலை மகளின் மாணவர் விடுதிச் சமையலறையில் எலுமிச்சைச் சாதமும் புளியோதரையும் தயிர் சாதமும் செய்தேன். மகளின் தோழிகளுக்குப் பரிசளிக்கச் சிட்னியிலிருந்து கொண்டு வந்த கண்ணாடி வளையல்கள் பெட்டியில் இருந்தன. முதலில் அணிவிக்க வேண்டிய வேப்பிலைக் காப்புக்கு அந்த ஊரில் வேம்பு இல்லாததால், ஹெரான் கோர்ட் முற்றத்துத் தொட்டியில் இருந்த ரோஸ்மேரி என்னும் வாசனைச் செடியின் கொத்தைச் சமையற்காரரிடம் கேட்டு வாங்கி வளையமாகக் கட்டினேன். பழைய மரக் கட்டடத்தில் நெருப்புக் கூடாது என்னும் விதியை மதித்து விளக்கு ஏற்றவில்லை. என் கணவரிடம், "நீங்க போய்க் காலேஜெல்லாம் சுத்திப் பாருங்க. மூணு மணி வரைக்கும் இந்தப் பக்கம் வராதீங்க" என்றேன். "விரட்டுறியா?" என்றார். "ஆமா" என்றேன். அவர் சென்றார்.

பகல் வேலை முடிந்து, சீருடையைக் களைந்து, பூப்போட்ட கவுன் ஒன்று அணிந்துகொண்டு ஃபிலோமெனா எங்கள் அறைக்கு வந்தார். சன்னல் ஓரம் அமர்த்திச் சந்தனம் பூசி, ரோஸ்மேரிக் காப்பை அணிவித்தேன். அவர் கைகள் வீங்கியிருந்ததால், விடுதியில் வைத்திருந்த கைப்பூச்சுக் களிம்பைத் தடவி வளையல்களை ஒவ்வொன்றாக ஏற்றினேன். என் மகள் புகைப்படம் எடுத்தாள். அதன் பிறகு பரிமாறத் தட்டுகள் வாங்கி வர அவள் கீழே சென்றாள். அப்போது இடது கையில் ஏற்றிக்கொண்டிருந்த வளையல் உடைந்து, மணிக்கட்டில் கீறி, ஒரு சொட்டு இரத்தம் வந்தது.

"மேடம், இது கெட்டதா?" என்று அவர் கேட்டார். அவருடைய மற்றொரு கை வயிற்றின் மீது சென்றது.

எங்கள் வழக்கத்தில் அது நல்லதாகக் கருதப்படுவதில்லை. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. என் வலக்கையில் இருந்த, மாங்காய் வடிவம் செதுக்கிய இரண்டு தங்க வளையல்களில் ஒன்றைக் கழற்றி, அதே மணிக்கட்டில் ஏற்றி, "இது உடையாது" என்றேன். பெரிய அளவு என்பதால் எளிதில் ஏறிற்று. அவர் உடனே கழற்ற முயன்றார். "மேடம், முடியாது, இது தங்கம், எங்கம்மாகூட இப்படி..." என்று சொல்லி நிறுத்தினார். "உங்கம்மாவுக்குப் பக்கத்து வீடுன்னு நீதானே சொன்ன? அப்ப போட்டுக்கோ" என்றேன். அவர் அழுதார். நான் அழவில்லை. அதன் பிறகு என் மகள் தட்டுகளுடன் வந்தாள். ஃபிலோமெனா மூன்று சாதங்களையும் உண்டு, தயிர் சாதத்தை மட்டும் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். நீதிபதிகளும் ஆயர்களும் தங்கிய அந்த அறையில் அதற்கு முன் வளைகாப்பு நடந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. நடந்திராவிட்டால், முதலாவதைச் செய்தவள் நான் என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

வேலை நேரத்தில் நகை அணியக் கூடாது என்னும் விதி இருப்பதாக ஃபிலோமெனா கூறினார். ஆகவே அன்று மாலை, மகளின் ரவிக்கையில் எஞ்சி என் தையல் பெட்டியில் கிடந்த மயில் கழுத்துப் பட்டுத் துண்டில், அந்த ஒரு வளையல் மட்டும் கொள்ளும் அளவுக்குச் சுருக்குப் பை ஒன்று தைத்து, மறுநாள் புறப்படும் முன் அவர் கையில் கொடுத்தேன். அதன் பிறகு நாங்கள் சிட்னி திரும்பினோம்.

அக்டோபர் மாதம் நவராத்திரிக்காக மெல்பர்னில் உள்ள என் தங்கை வீட்டுக்குச் சென்றேன். நான் இல்லாத சமயத்தில் நகைகளை வங்கிப் பெட்டகத்தில் வைக்க எடுத்த என் கணவர், நான்கு வளையல்களில் ஒன்று இல்லாததைக் கண்டார். ஆக்ஸ்ஃபோர்டில் நான் அதைத் தொலைத்துவிட்டு, சொன்னால் வருந்துவார் என்று மறைத்துக்கொண்டிருப்பதாக அவராக முடிவு செய்துகொண்டார். என்னிடம் கேட்டால் அழுவேன் என்று நினைத்து, கேட்காமல் விடுதிக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்பினார். வளையல் காணவில்லை என்பதோடு நிறுத்தாமல், வளைகாப்புக்காக நான் அவரை வெளியே அனுப்பிய அன்று மதியம் எங்கள் அறையில் இருந்த வெளியாள் சுத்தம் செய்யும் பெண் ஒருவரே என்றும் எழுதினார். அவர் எழுதியது உண்மை. அதனால் விளைந்தது உண்மை அல்ல.

விடுதியார் ஃபிலோமெனாவின் பூட்டிய அலமாரியைத் திறந்து பார்த்து வளையலை எடுத்ததாகவும், "மேடம் கொடுத்தார்" என்று அவர் சொன்னதை ஏற்காமல் வேலையிலிருந்து நிறுத்தி வைத்ததாகவும், தங்களிடம் புகார் அளித்ததாகவும் பின்னர் அறிந்தேன். தாங்கள் வளையலின் படத்தை அனுப்பி அடையாளம் கேட்டபோது, நான் மெல்பர்னிலிருந்து திரும்பிச் சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவர் கைப்பேசியுடன் ஓடி வந்தார்.

"மீனா! கிடைச்சிருச்சு! நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம், எனக்கு எல்லாம் தெரியும். உன் மாங்காய் வளையல் கிடைச்சிருச்சு!"

"யாருகிட்டக் கிடைச்சுது?"

"அந்த ரூம் பொண்ணுகிட்டத்தான். நான் அப்பவே சந்தேகப்பட்டேன். இங்க பாரு, உன்னுதுதானே?"

படத்தைப் பார்த்தேன். வளையலுக்குக் கீழே, மேசை மீது, நான் தைத்த பை கிடந்தது. அதன் கயிறு அறுக்கப்பட்டிருந்தது.

"என்னுது இல்லங்க" என்றேன்.

"என்ன இல்லங்கிற? மாங்காய் இருக்கு, உள்பக்கம் திருநெல்வேலிக் கடை முத்திரை இருக்கு, உங்க அப்பா போட்டது..."

"என்னுதாத்தான் இருந்துச்சு. இப்ப அவளோடது. நான் போட்டு விட்டது."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். தோசை கருகிற்று. "ஏன் மீனா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?" என்றார். "நீங்க ஏங்க எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?" என்றேன். முப்பது ஆண்டு இல்லறத்தில் நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் தவறு செய்தவர்களாக நின்றது அந்த ஒரு நாள்தான். அன்றிரவே அவர், தம் புகாரைத் திரும்பப் பெறுவதாகவும், வளையலைத் தம் மனைவி பரிசாகக் கொடுத்தார் என்றும் தங்களுக்கு ஒரு வரி எழுதினார். அந்த ஒரு வரி போதாது என்று தாங்கள் பதில் எழுதியது நியாயமே.

பதிவு அதிகாரி தங்கள் சார்பில் கேட்ட கேள்விகளுக்கு என் விடைகள் வருமாறு.

ஃபிலோமெனா வளையலைக் கேட்டாரா, அல்லது குறிப்பாக உணர்த்தினாரா என்று கேட்டார். இல்லை. அவர் என்னிடம் கேட்டு வாங்கியது தயிர் சாதம் ஒன்றே.

விலை உயர்ந்த பொருளைக் கொடுத்ததற்கு எழுத்து மூலமான சான்று ஏன் இல்லை என்று கேட்டார். வளைகாப்புக்கு ரசீது எழுதும் வழக்கம் எங்களிடம் இல்லை. கணவரிடம் ஏன் சொல்லவில்லை என்றும் கேட்டார். கொடுத்ததைப் பிறரிடம் சொல்வது கொடுத்ததைச் சிறுமைப்படுத்துவது என்று கருதும் வீட்டில் பிறந்தவள் நான். என் மௌனத்தால் வேறொரு பெண்ணுக்குத் திருடி என்ற பெயர் வந்துவிட்டதால், அந்த வழக்கத்தை இன்று இந்த அலுவலகத்தில் முறிக்கிறேன்.

ஃபிலோமெனா வேலை இழந்ததற்கு இரங்கி, பின்னால் யோசித்து இப்படிச் சொல்கிறேனா என்று கேட்டார். இதைக் கேட்டபோது மொழிபெயர்ப்பாளர் றம்யா, "மன்னிக்கோணும் அன்ரி, அவர் கேட்டதைத்தான் நான் சொல்லுறன்" என்றார். மன்னிக்க ஒன்றுமில்லை, கேள்வி முறையானது. அதற்கு விடையாக, தங்கள் வசம் உள்ள பையைப் பார்க்கும்படி வேண்டுகிறேன். வாயோரம் இரட்டை மடிப்பு. அதற்குள் நூல் முடிச்சு வெளியே தெரியாது. அதே பட்டில் மீதமிருந்த துண்டையும், என் மகளின் ரவிக்கையையும் இத்துடன் ஒப்படைக்கிறேன். நெசவின் கரைக்கோடு பையில் நின்று, இந்தத் துண்டில் தொடர்வதைக் காணலாம். திருடிய பொருளுக்கு, பொருளுக்கு உரியவள் அளவெடுத்து உறை தைத்துக் கொடுப்பதில்லை. அதிகாரி கிரண் துண்டைச் சன்னலோரம் கொண்டு சென்று வெளிச்சத்தில் பார்த்தார். "என் அம்மாவும் தைப்பார்" என்றார். வேறு கேள்வி கேட்கவில்லை. இந்த வாக்கியத்தைப் பதிவில் சேர்க்க அவர் தயங்கினார். என் வேண்டுகோளின் பேரில் சேர்க்கப்பட்டது. ஃபிலோமெனாவின் இடது மணிக்கட்டில் சிறு தழும்பு இருக்கலாம், அதையும் பார்த்துக்கொள்ளவும்.

என் கணவர் இந்த நிலையத்தின் வெளியறையில் அமர்ந்திருக்கிறார். ஃபிலோமெனாவிடம் மன்னிப்புக் கேட்டு அவர் தனியே எழுதியதையும் இணைத்திருக்கிறேன். அதை நான் திருத்தவில்லை.

வளையல் என் உடைமை அல்ல. ஆகவே அதை என் முகவரிக்கு அனுப்ப வேண்டாம். அதற்கு உரியவர் ஃபிலோமெனா ஒருவரே. அறுந்த கயிற்றுக்குப் பதில் புதிய கயிறு ஒன்று திரித்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

இன்னுமொன்று. நடந்ததற்கு வருந்துவதாகவும், அதே அறையில் இரண்டு நாள் கட்டணமின்றித் தங்க எங்களை அழைப்பதாகவும் ஹெரான் கோர்ட் விடுதி மேலாளர் எங்களுக்கு எழுதியிருக்கிறார். அந்தக் கடிதத்தில் ஃபிலோமெனாவின் பெயர் இல்லை. அந்த விடுதி மீது எனக்குள்ள மதிப்பு குறையவில்லை. மீண்டும் தங்க எனக்கு விருப்பம் உண்டு. ஆனால் பிள்ளை பெற்று, விடுப்பு முடிந்து, தம் சீருடையில் ஃபிலோமெனா அந்த அறைக் கதவைத் தட்டும் நாளில்தான் அந்த அறையில் இருப்பேன் என்று மேலாளருக்குப் பதில் எழுதிவிட்டேன். அதுவரை அந்த அழைப்பு எனக்கு வரவில்லை என்றே கொள்கிறேன்.

மேற்கண்டவை யாவும் என் கண்ணும் கையும் அறிந்தவை. எவருடைய தூண்டுதலும் இன்றிச் சொன்னேன். தமிழில் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நானும் ஒரு முறை வாசித்தேன். ஒரு சொல்லும் மிகையில்லை என்று கண்டு கையொப்பமிடுகிறேன்.

ஃபிலோமெனாவுக்கு இந்த மாதக் கடைசியில் பிரசவம். அதற்கு முன்பாகவே, அவர் மீது குற்றம் இல்லை என்பதை எழுத்தில் அவருக்கும், விடுதிக்கும், எனக்கும் தெரிவிக்க வேண்டுகிறேன். விரைவில் பதில் தரவும்.

(ஒப்பம்)
மு. மீனாம்பாள்